தரையில் உட்கார்ந்த என் மகனுக்கு

அன்பு மகன் கதிருக்கு,

மாடியில் நீயும் மருமகள் சுகன்யாவும் அட்டைப் பெட்டிகளுக்கு டேப் ஒட்டும் சத்தம் கேட்கிறது. நான் கீழே கூடத்தில் உட்கார்ந்து உனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு மகனுக்குக் கடிதம் எழுதும் மனுசனைப் பார்த்து உன் அம்மாவுக்குச் சிரிப்பு. "மேல போயி வாயில சொன்னா ஆகாதுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். ஆகாது. நம் பக்கத்து அப்பன்மார் மகனைப் பற்றிச் சம்பந்தியிடம் பெருமை பேசுவார்கள், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் பேசுவார்கள், மகன் வந்து நின்றால் மட்டும் "சாப்பிட்டயா?" என்று கேட்டுவிட்டுச் செய்தித்தாளைப் பிரித்துக்கொள்வார்கள். நானும் அந்தச் சாதிதான். திங்கட்கிழமை நீங்கள் மூன்று பேரும் இனியாவின் பள்ளிக்கூடத்துக்காகக் கோயம்புத்தூருக்குக் குடி போகிறீர்கள். வண்டி கிளம்பும்போது என்னால் "பாத்துப் போங்க" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல முடியாது என்று எனக்கே தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் உன்னைத் தேடி நம் வீட்டுக்கு வருகிற அப்பா அம்மாக்களும் இதைப் படிக்கட்டும். உனக்கு ஆட்சேபம் இருக்காது என்று நினைக்கிறேன்.

உன் மகள் இனியாவுக்கு இரண்டு வயது முடிந்திருந்த காலத்திலிருந்து தொடங்குகிறேன். நம் ஊர் மங்கலத்தில் தறிச் சத்தம் கேட்காத தெரு இல்லை. நம் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கமே நம் தறிக்குடோன். அந்தச் சத்தத்தில்தான் நீ வளர்ந்தாய், உன் தங்கை மைதிலி வளர்ந்தாள், உன் மகளும் பிறந்து வளர்ந்தாள். ஒரு நாள் சுகன்யா குழந்தைக்குப் பின்னால் உட்கார்ந்து, "இனியா... இனியாக் கண்ணு..." என்று திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். குழந்தை திரும்பவே இல்லை. நூல் தீர்ந்த பிளாஸ்டிக் கோன்களைச் சுவரோரம் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தது. ஒன்று சாய்ந்தால் முதலிலிருந்து அடுக்கும். சுகன்யா உன்னிடம் சொன்னபோது நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? "தறிச் சத்தத்துல பொறந்தவ. காது கொஞ்சம் மந்தமா இருக்கும். நம்மூட்டுல அல்லாருக்கும் அப்படித்தான்" என்றாய். அப்படிச் சொல்லிவிட்டு அன்றிலிருந்து அவளிடம் கத்திப் பேச ஆரம்பித்தாய்.

திருப்பூரில் காது பரிசோதனைக்கு நானும் கூட வந்தேன். காது நன்றாகக் கேட்கிறது என்றார்கள். உன் முகத்தில் அவ்வளவு வெளிச்சம். "பாத்தியா, ஒண்ணுமில்ல" என்று சுகன்யாவிடம் சொல்லிக்கொண்டே எழுந்துவிட்டாய். குழந்தை டாக்டர், "உக்காருங்க சார், நான் இன்னும் முடிக்கல" என்றார். அவள் கண்ணைப் பார்ப்பதில்லை, விரலை நீட்டி எதையும் காட்டுவதில்லை, ஏற்கெனவே வந்த ஒன்றிரண்டு சொற்களும் நின்றுபோயிருக்கின்றன என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, ஆட்டிசத்துக்கான அறிகுறிகள் தெரிகின்றன என்றார். இன்னும் பார்த்து உறுதி செய்ய வேண்டும், ஆனால் அதுவரை காத்துக்கொண்டிருக்க வேண்டாம், வீட்டிலேயே பயிற்சியை ஆரம்பித்துவிடுங்கள் என்றார். வரும் வழியில் நீ வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கிப் போய், ஒரு பேக்கரி வாசலில் டீ வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலேயே நின்றாய். சுகன்யா வண்டிக்குள் அழுதுகொண்டிருந்தாள். இனியா ஜன்னல் கண்ணாடியில் ஓடும் நிழலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு துன்பமும் இல்லை. துன்பமெல்லாம் நம்மிடம்தான் இருந்தது.

அதன் பிறகு சில வாரங்கள் நீ யாரிடமும் சரியாகப் பேசவில்லை. விடிவதற்குள் தறிக்குடோனுக்குப் போய்விடுவாய். சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஆம்பளப் பிள்ளை ஆனாலும் பொம்பளப் பிள்ளை ஆனாலும் சில குழந்தைகள் மெதுவாகத்தான் பேசும் என்றார் ஒருவர். தாயார் செல்போன் பார்த்ததால் வந்தது என்றார் இன்னொருவர். சுகன்யா அதைக் கேட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றைக்குத்தான் நீ முதல்முறையாக வாயைத் திறந்தாய். "அவளை ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல வேண்டாமுங்க. அவ முன்னாடியே சொன்னா, நாந்தான் கேக்கல" என்றாய். வந்தவர் காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். மறுநாள் காலையில் டாக்டர் கொடுத்த நம்பருக்கு நீயே போன் செய்தாய்.

அப்படித்தான் ஜெபா நம் வீட்டுக்கு வந்தாள். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். இந்த மாதிரிக் குழந்தைகளுக்கான பயிற்சியைப் படித்துவிட்டு, புருசனுக்குத் திருப்பூரில் வேலை என்பதால் இங்கே வந்தவள். வாரம் ஒரு நாள் ஸ்கூட்டியில் வருவாள். பெரிய பையில் பொம்மைகள் கொண்டு வருவாள் என்று உன் அம்மா எதிர்பார்த்தாள். வெறுங்கையோடு வந்து, நம் கூடத்துத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "நான் வாரத்துல ஒரு நாள் வாரேன். மத்த நாளெல்லாம் நீங்கதான். பிள்ளைக்கு நான் சொல்லிக் குடுக்கதுக்கு வரல அண்ணே, உங்களுக்குச் சொல்லிக் குடுக்கத்தான் வாரேன்" என்றாள். நீ நாற்காலியில் உட்கார்ந்து தலையாட்டினாய். அவள் உன்னை அண்ணாந்து பார்த்து, "அங்க இருந்தா பிள்ளைக்கு உங்க முழங்கால்தான் தெரியும். கீழ வாங்க" என்றாள். நீ இறங்கி உட்கார்ந்தாய். வேட்டி மடித்துக் கட்டிக்கொண்டு தறிக்கு நடுவில் நாள் முழுக்க நிற்பவன், ஒரு கைக்குழந்தையைப் போலக் காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்தாய்.

குளிக்க வைப்பது, சோறு ஊட்டுவது, சட்டை மாட்டுவது என்று நாம் தினமும் செய்கிற வேலைகளுக்குள்ளேயே அவள் பயிற்சியை வைத்தாள். தலையில் தண்ணீர் ஊற்றும் முன்பு சொம்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திரு, அவள் உன்னைப் பார்த்ததும் ஊற்று. முறுக்கை முழுசாகக் கொடுத்துவிடாதே, துண்டு துண்டாகக் கொடு, அப்போதுதான் திரும்ப உன்னிடம் வருவாள். நீளமாகப் பேசாதே, ஒரு சொல் போதும். எல்லாவற்றுக்கும் மேல், குழந்தை எதைப் பார்க்கிறதோ அதை நீயும் பார். கேட்கும்போது எனக்கு இதெல்லாம் ஒரு வைத்தியமா என்றுதான் இருந்தது. நீ மட்டும் ஒன்றையும் விடாமல் செய்தாய்.

தறியை நிறுத்திய கதையையும் சொல்லிவிடுகிறேன், ஞாயிற்றுக்கிழமைக்காரர்கள் கொஞ்சம் சிரிக்கட்டும். மிக்ஸி ஓடினால் இனியா காதைப் பொத்திக்கொண்டு அலறுவாள். அதைப் பார்த்து, தறிச் சத்தமும் அவளை வதைக்கிறது என்று நீ முடிவு கட்டிவிட்டாய். பயிற்சி நேரத்தில் தறிகளை நிறுத்தச் சொன்னாய். ஆர்டர் முடிக்க வேண்டிய நேரத்தில் தறியை நிறுத்தும் தறிக்காரனை நான் என் ஆயுளில் பார்த்ததில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. தறி நின்ற அடுத்த நிமிடம் இனியா எழுந்து கூடம் முழுக்கச் சுற்றிச் சுற்றி ஓடினாள். பிறகு சுவரில் காதை வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். என்ன செய்தும் நிற்கவில்லை. பயந்துபோய் ஜெபாவுக்குப் போன் செய்தாய். "தறியப் போட்டுப் பாருங்கண்ணே" என்றாள். போட்டோம். அழுகை நின்றது. அம்மா வயிற்றில் இருந்தபோதிலிருந்து கேட்ட சத்தம், அது இல்லாமல் போனதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. தறி ஓட்டுகிற ஆட்கள் ரொம்ப நாள் சொல்லிச் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய், ஆனால் அன்றைக்கு ஒன்றைக் கற்றுக்கொண்டாய் என்று எனக்குத் தோன்றியது. அவளுக்கு என்ன பிடிக்கும், எது வலிக்கும் என்று நாமாக நினைத்துக்கொள்ளக் கூடாது, அவளைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கோயம்புத்தூர்ப் பள்ளிக்கூடத்து டீச்சரிடமும் இதை முதல் நாளே சொல்லிவிடு.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனது. கூடத்தில் ஒரு நாற்காலி, பக்கத்தில் ஒரு வாக்கர், அவ்வளவுதான் என் உலகம் என்று ஆகிவிட்டது. அதுவரை தறிக்குடோனில் இருந்துவிட்டுச் சாப்பாட்டுக்கு மட்டும் வருகிற நான், அன்றிலிருந்து நீயும் உன் மகளும் தரையில் செய்வதையெல்லாம் காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் நீ தடம் மாறியதையும் முதலில் நான் பார்த்தேன். உனக்கு ஒரு வேகம் வந்துவிட்டது கண்ணு. போனில் எதையோ படித்துவிட்டு, படம் போட்ட அட்டைகளை வாங்கி வந்தாய். யானை, ஆப்பிள், பஸ். "இனியா, பாரு. யானை. சொல்லு. யா...னை." காலையில் அரை மணி நேரம் என்று ஆரம்பித்தது, மதியமும் ஆனது, சாயங்காலமும் ஆனது. அவள் எழுந்து போனால் தூக்கி வந்து மறுபடி உட்காரவைத்தாய். வீட்டுக்கு யார் வந்தாலும், "அத்தைக்கு யானை சொல்லிக் காட்டு" என்றாய். அவள் காட்டவில்லை. உன் செருப்புச் சத்தம் வாசலில் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ள ஆரம்பித்தாள். அது உனக்குத் தெரியவில்லை. சுகன்யாவுக்குத் தெரிந்தது, உன்னிடம் சொல்லப் பயந்தாள். எனக்கும் தெரிந்தது, எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

ஜெபா அந்த வாரம் வந்தபோது நீ அட்டைகளை எடுத்து அவளிடம் கணக்காகக் காட்டினாய், பரீட்சை எழுதி முடித்த மாணவனைப் போல. அவள் கட்டிலுக்கு அடியில் எட்டிப் பார்த்தாள். பிறகு உன் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணே, ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாதீய. பிள்ளைக்கு வாத்தியார் கெடச்சிட்டாரு. அப்பாதான் காணாமப் போயிட்டாரு."

நீ கட்டில் பக்கம் திரும்பிப் பார்த்தாய்.

"உங்களப் பாத்தா ஓடி வரணும். ஆனா ஓடி ஒளியுதாளே. அவ யானைன்னு சொல்லாட்டாலும் பரவால்ல. உங்க மடியில வந்து உக்காரணும். அதுலருந்துதான் பேச்சு வரும்."

"பின்ன நான் என்னங்க பண்றது? சும்மா உக்காந்திருக்கச் சொல்றீங்களா?" என்று கேட்டாய். எனக்கு எழுந்து உன் பக்கத்தில் வர வேண்டும் போலிருந்தது. கால்தான் இடம் கொடுக்கவில்லை.

"ஆமா. சும்மாதான். கொஞ்ச நாளைக்கு ஒண்ணும் கேக்காதீய. அவ என்ன செய்யுதாளோ அதையே நீங்களும் செய்ங்க" என்றாள் ஜெபா.

அட்டைகளை நீ எங்கே போட்டாயோ தெரியாது, அதன் பிறகு நான் பார்க்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தரையில் நீட்டிப் படுத்துக்கொண்டாய். இனியா சுவரோரம் கோன் அடுக்கினாள். நீ இந்தப் பக்கச் சுவரோரம் படுத்தவாக்கிலேயே கோன் அடுக்கினாய். அவள் ஒன்றைச் சுழற்றிவிட்டால் நீயும் ஒன்றைச் சுழற்றினாய். ஒரு வார்த்தை பேசவில்லை. உன் அம்மா சமையலறையிலிருந்து வந்து பார்த்துவிட்டு, "இவனுக்கும் ஏதாச்சும் ஆயிருச்சா?" என்று என் காதில் கேட்டாள். வாரக்கணக்கில் இப்படியே போனது. அப்புறம் ஒரு நாள் அவள் ஒரு கோனை எடுத்துக்கொண்டு நடந்து வந்து, உன் நெஞ்சின் மேல் நிறுத்தி வைத்தாள். நீ மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டாய், அது விழுந்துவிடக் கூடாது என்று. விழத்தான் செய்தது. நீ "டமார்" என்றாய். அவள் உன் முகத்தைப் பார்த்தாள். நேராக, கண்ணைப் பார்த்தாள். பிறகு அந்தக் கோனை எடுத்து மறுபடியும் உன் நெஞ்சில் வைத்துவிட்டு, நீ சொல்வதற்காகக் காத்துக்கொண்டு நின்றாள். அவ்வளவு நாளாக நீதான் அவளுக்காகக் காத்திருந்தாய். நான் செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன், சாமி. படிப்பதற்காக அல்ல.

முதல் சத்தமும் அதே கூடத்தில்தான் வந்தது. உத்தரத்தில் சேலை கட்டி ஊஞ்சல் போட்டிருந்தாய். இழுத்துப் பிடித்து "போ..." என்று நிறுத்துவாய். அவள் பார்த்ததும் விடுவாய். ஒரு நாள் நீ வாயைத் திறக்கும் முன்பே "ஓ" என்றாள். நீ விட்டுவிட்டாய். நீ சத்தம் போட்டு ஊரைக் கூட்டுவாய் என்று நான் எதிர்பார்த்தேன். நீ சுகன்யாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மறுபடியும் ஊஞ்சலை இழுத்துப் பிடித்துக்கொண்டு அமைதியாக நின்றாய். சந்தோஷத்தைக் கூட அவளுக்காக அடக்கிக்கொள்ளத் தெரிந்துகொண்டவன் என்று அன்றைக்கு உன்னைப் பற்றி நினைத்தேன்.

இனி மைதிலி மகனின் காதுகுத்து. இதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் என்று உனக்குத் தெரியாது. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தானே காது குத்த வேண்டும். சீர்த்தட்டு, மாலை, மண்டபம் நிறையச் சொந்தம். இனியாவை வீட்டில் விட்டுவிட்டு வரச் சொல்லி மூன்று நான்கு பேர் போனில் சொன்னார்கள். "அவ அத்தை ஊட்டு விசேசத்துக்கு அவ வராம வேற யாருங்க வாரது?" என்று நீ கூட்டி வந்தாய். ஒரு மணி நேரம் சமாளித்தாள். பிறகு மேடையில் நாதஸ்வரமும் மைக்கும் ஒன்றாகச் சேர்ந்ததும் காதைப் பொத்திக்கொண்டு தரையில் விழுந்தாள். அவள் அலறியது மேளச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. கூட்டம் திரும்பிப் பார்த்தது. நீ மாலையோடு ஓடி வந்து அவளை அள்ளிக்கொண்டு வெளியே போனாய். என் அண்ணன், உன் பெரியப்பா, வாக்கரோடு நான் எழுந்து வருவதற்குள் உன் பின்னாலேயே வாசலுக்கு வந்துவிட்டார். "புள்ளைய உன்ற பொண்டாட்டிகிட்டக் குடுத்துட்டு உள்ள வா. நேரம் போகுது. இத்தன சனத்துக்கு முன்னால என்ன இது? ரெண்டு அடி வெச்சாச் சரியாப் போகும்" என்றார்.

நம் குடும்பத்தில் அவரை எதிர்த்து நானே பேசியதில்லை. நீ மகளை நெஞ்சோடு அணைத்தபடி, வண்டிகள் நிறுத்துமிடத்தில் இருந்த புங்கமரத்தடியில் உட்கார்ந்துகொண்டு சொன்னாய். "பெரியப்பா, எம்புள்ளைக்கு ஆட்டிசமுங்க. அந்தச் சத்தம் அவளுக்கு அடிக்கிற மாதிரி வலிக்குதுங்க. அடமில்லீங்க இது. வலிக்கிற புள்ளைய அடிக்க முடியாதுங்களே." மரியாதை ஒரு துளியும் குறையாமல் சொன்னாய். சுற்றி நின்ற அத்தனை பேரும் கேட்டார்கள். அந்த வார்த்தையை நம் வீட்டுக்கு வெளியே நம்மில் ஒருவர் சொன்னது அதுதான் முதல்முறை. "அப்ப காதுகுத்து?" என்றார் பெரியப்பா. "எந்திரிச்சா மறுபடி அழுவாளுங்க. கொஞ்சம் பொறுங்க" என்றாய்.

அப்போது மைதிலி மண்டபத்திலிருந்து வந்தாள். பட்டுச் சேலையைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இடுப்பில் குழந்தையோடு. ஒரு கணம் உன்னையும் இனியாவையும் பார்த்தாள். "எங்கண்ணன் மடி எங்க இருக்குதோ அங்கதான் காதுகுத்து. ஆசாரிய இங்க வரச் சொல்லுங்க" என்றாள். மண்டபமே வெளியே வந்துவிட்டது. மேளக்காரரைக் கும்பிட்டு நிறுத்தச் சொன்னோம். கார்களுக்கும் டெம்போக்களுக்கும் நடுவே, புங்கமரத்தடியில், ஒரு தொடையில் உன் சட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்ட மகள், இன்னொரு தொடையில் மருமகன். ஆசாரி குனிந்து குத்தினார். பையன் வீரிட்டு அழுதான். இனியா முகத்தைத் தூக்கி அவனைப் பார்த்தாள். அவள் அழவில்லை, கையை மட்டும் எடுத்து அவன் காதைப் பொத்தினாள். தன் காதை அல்ல, அவன் காதை. மைதிலி அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். நான் நிற்பதைப் பார்த்து, பெரியப்பா போய் ஒரு நாற்காலி எடுத்து வந்து போட்டார்.

கிளம்பும்போது அந்த ஆசாரி உன்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏனுங்க தம்பி, எம்பேரனும் இப்படித்தானுங்க காதைப் பொத்திக்கிறான். யாரைப் பாக்கோணும்?" என்று கேட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகளையும் பேரனையும் கூட்டிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தார். அப்படி ஆரம்பித்ததுதான் நம் கூடத்துக் கூட்டம். அம்மாமார் மட்டுமே வந்துகொண்டிருந்தபோது, "அடுத்த வாரம் அவரும் வந்தாத்தானுங்க உள்ள விடுவேன்" என்று விளையாட்டாகச் சொல்லி, அப்பாக்களையும் வரவைத்தாய். பனியன் கம்பெனியில் வேலை செய்யும் ஒடிசாக்காரர் ஒருவர் மனைவியோடு வந்தார். அவரிடம் நீ பேசும் இந்தியைக் கேட்டு அவரே சிரித்துவிட்டார், அந்தச் சிரிப்பிலேயே அவருக்குப் பாதி பயம் போய்விட்டது. முடிந்தவரை உனக்குத் தெரிந்ததைச் சொன்னாய். தெரியாததற்கு ஜெபாவைக் கேட்கச் சொன்னாய். "எம்புள்ளைக்கு எப்பச் சரியாகும்?" என்று கேட்பவர்களிடம் நீ பொய் சொன்னதே இல்லை. "அவங்க அவங்களாத்தான் வளருவாங்க. நாம கூடவே போகோணும்" என்பாய்.

என் பங்குக்கும் ஒன்று இருக்கிறது. நான் தரையில் உட்கார முடியாதவன், அதனால் அவளுக்கு நான் ஒரு நாற்காலி மாதிரிதான் என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் அவள் வந்து என் வாக்கரைத் தட்டினாள். டக், டக். நான் "என்ன கண்ணு?" என்றேன். போய்விட்டாள். நீ பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாய். "நீங்க ஒண்ணும் கேக்க வேண்டாமுங்கப்பா. அவ பண்றதையே பண்ணுங்க" என்றாய். மறுபடி வந்து தட்டியபோது நானும் இரண்டு தட்டுத் தட்டினேன். அவள் நின்றாள். மூன்று தட்டினாள். நானும் மூன்று. அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதை நான் எழுதிக் காட்ட முடியாது. கால் சரியாகி வாக்கர் தேவையில்லை என்று ஆன பிறகும், அதை நான் நாற்காலிக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். ஒரு காலையில் வாசலுக்கு என் வேட்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். தறிக்குடோன் தகரத்தின் மேல் ஒரு மயில் நின்றுகொண்டிருந்தது. விரலை நீட்டினாள். மயிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி மயிலைப் பார்த்தாள். அவளுக்கு அது வேண்டும் என்பதில்லை. "பார்" என்று எனக்குக் காட்டினாள், அவ்வளவுதான். உன் அம்மா முருகன் வாகனம் என்று கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்கு மயில் கண்ணில் படவே இல்லை. அந்த விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது அவளுக்குக் கொஞ்சம் வார்த்தைகள் இருக்கின்றன. வராத இடத்தில் சுவரில் ஒட்டிய படத்தைத் தொட்டுக் காட்டுகிறாள். பிடிக்காததை "வேண்டா" என்று சொல்லத் தெரிகிறது, அதை நன்றாகவே சொல்கிறாள். புது இடம், புதுப் பள்ளிக்கூடம், அழுவாள். கற்றதில் சில மறந்தது போலத் தெரியும். அப்போது உனக்கு மறுபடியும் அந்த அட்டை வேகம் வரும். வந்தால் எனக்குப் போன் செய்துவிட்டுத் தரையில் படுத்துக்கொள். சுகன்யாவை வாரத்துக்கு ஒரு பொழுதாவது தனியாக எங்கேயாவது போய் வரச் சொல். முதலில் பார்த்தவள் அவள், எல்லாரையும் விடக் குறைவாகத் தூங்கியவளும் அவள்தான். கேட்கிறவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்காதே, பெரியப்பாவுக்குச் சொன்ன அளவு போதும். தறிகளைப் பற்றிக் கவலைப்படாதே, எனக்கு முழங்கால்தான் புதுசு, மற்றதெல்லாம் பழக்கமானது. நீ வாரத்தில் இரண்டு நாள் வந்து பார்த்தால் போதும். வரும்போது அவளையும் கூட்டி வா, சுவருக்கு அந்தப் பக்கம் தறி ஓடுகிற சத்தம் அவளுக்காகக் காத்திருக்கும்.

நேற்றுச் சாயங்காலம் நீ சாமான் ஏற்ற வண்டி பேசப் போயிருந்தாய். சேவூரிலிருந்து ஒரு சின்னப் புருசன் பெண்டாட்டி வந்தார்கள். அந்தப் பெண்ணின் மடியில் ஒரு சின்னப் பெண் குழந்தை, வளையலை உருட்டி உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பையன் நாற்காலி விளிம்பில் உட்கார்ந்திருந்தான். பனியன் கம்பெனியில் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டராக வேலையாம். யாரோ உன் பெயரைச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். "அவன் இப்ப வந்துருவானுங்க, இருங்க" என்று காபி கொடுக்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து அவன் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"ஏனுங்க, உங்க பையன் டாக்டருங்களா?"

"இல்லீங்க தம்பி," என்றேன். "அப்பன்."

எனக்கே தெரியாமல் குரல் உரக்க வந்துவிட்டது. உள்ளேயிருந்து உன் அம்மா எட்டிப் பார்த்தாள்.

உன் அப்பா